பத்து மதிப்பெண் வினா

மதிப்பீட்டு முகாம், அரிசிபாளையம்.
மே மாதத்து இரண்டாம் செவ்வாய்.
காலைக் கட்டில் முப்பது விடைத்தாள்.
மின்விசிறி சுற்றுகிறது,
காற்று வேறெங்கோ போகிறது.

பதினேழாம் வினா:
சர் எட்மண்ட் ஹார்வில்லின் வாழ்வும் பணியும். கட்டுரை வரைக.
ட்யூடர் காலத்து அரண்மனைக்காரன்,
பிறகு கப்பற்படைத் தளபதி.
விடைக்குறிப்பு அவனை ஏழு துண்டாக்கித் தந்திருக்கிறது:
பிறப்பு ஒன்று, அரசவை இரண்டு, சிறை ஒன்று,
விடுதலை ஒன்று, கடற்படை மூன்று,
மரணம் ஒன்று. முடிவுரைக்கும் ஒன்று.

பதினாறு பேர் ஒரே நோட்ஸை எழுதியிருந்தார்கள்.
பதினாறு முறை அவன் ஒரே காற்றில் மூழ்கினான்.
பதினாறு முறை ஐந்தரை போட்டேன்.

பிறகு இந்தத் தாள்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஓரத்தில் ஒரு கறை, கிரீஸாக இருக்கலாம்,
நல்லெண்ணெயாகவும் இருக்கலாம்.

"ஹார்வில்லுக்கு முதலில்
ராஜாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை.
ராஜா கை நீட்டும்போது சட்டைக்கை அங்கே இருக்க வேண்டும்.
முந்தக் கூடாது. பிந்தக் கூடாது.
பதினோரு வருஷம் தவறவில்லை.
ஆகவே அவனிடம் கப்பல் கொடுத்தார்கள்."

ஆகவே.
அதன் கீழ் சிவப்புக் கோடு இழுத்தேன்,
பிழை என்பதற்காக அல்ல.
இந்த முகாம் பட்டியலில் என் பெயர் வர
நானும் ஒருவருக்கு மூன்று வருஷம்
கதவைத் திறந்து பிடித்திருக்கிறேன்.

"நடுவில் ஒருமுறை ஜெயில். காரணம் புத்தகத்தில் சரியாக இல்லை.
ராஜா சிரிக்காத இடத்தில் சிரித்திருப்பான்."
யூகத்துக்கு அரை கழித்தேன்.
அடித்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.
அடித்தால் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தேன்.

கப்பல் ஏன் மூழ்கியது?
திடீர்க் காற்று என்கிறது விடைக்குறிப்பு.
தாள் சொல்கிறது:

"காற்று எப்போதும்தான் இருக்கும். பாரம்தான் காரணம்.
பழைய கப்பலில் புதுப் பீரங்கி, அதுவும் மேல்தட்டில்.
முந்நூறு பேர் ஏறவேண்டியதில் அறுநூறு.
சங்ககிரியில் எங்கள் பன்னிரண்டு சக்கர வண்டியும்
தொப்பூர்க் கணவாயில் இப்படித்தான் சாய்ந்தது.
நேராகப் போகும்வரை பாரம் பேசாது.
திரும்பும்போதுதான் கணக்குக் கேட்கும்.

பீரங்கிக் கதவைச் சாத்துங்கள் என்று கத்தினான்.
ஆட்கள் கேட்கவில்லை.
அவர்களுக்கு அவன் சட்டை பிடிக்கிறவன்.

ராஜா கோட்டை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
முந்தின ராத்திரி அவன் கழுத்தில்
ஒரு வெள்ளி விசிலை அவரேதான் மாட்டினார்.
தண்ணீருக்குள் விசில் ஊத முடியாது.
அவன் மனைவியும் அங்கேதான் நின்றாள்.
அழுதாளா என்று புத்தகத்தில் இல்லை."

அதற்கப்புறம் இரண்டு வரி காலி.
முடிவுரை இல்லை.

சேலத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம்.
இந்தக் கை பார்த்த பெருந்தண்ணீர்
நூற்றிருபது அடி நிரம்பிய மேட்டூராக இருக்கும்,
அதுவும் பஸ்ஸிலிருந்து.

எட்டு போட்டேன்.

மூன்றரை மணிக்கு முதன்மைத் தேர்வாளர் வந்தார்,
பச்சை மை.
"லாரியெல்லாம் கீயில் இல்லையே மேடம்,"
எட்டு ஆறரை ஆனது.
தாள் பதினைந்து நொடி அவர் கையில் இருந்தது.
"சரிங்க சார்" என்றேன்.
குரல் முந்தவில்லை. பிந்தவில்லை.
மூடியைக் கழற்றி அவர் நீட்டிய பேனாவுக்கு
என் கையில் மூடி தயாராக இருந்தது.

மாலை ஆறேகாலுக்கு டவுன் பஸ்.
ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
முன்னால் ஒரு லாரி, தார்ப்பாய் புடைத்து,
பின்கயிறு ஒன்று அவிழ்ந்து தரையைத் தொட்டபடி,
கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில்
மெல்லத் திரும்பத் தொடங்கியது.
கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.